பெட்டிக்குள் சோப்புக் கட்டி

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. புத்தம் புதிய கைப்பேசிப் பெட்டியைக் குட்டி ஆசையாகத் திறந்தாள். உள்ளே துணி துவைக்கிற பச்சை சோப்பு ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

குட்டிக்கு இன்று பதின்மூன்று வயது. இந்தப் பெட்டிக்காக அந்த வீட்டில் மூன்று மாதமாகப் பட்டிமன்றமே நடந்தது. "பதினெட்டு ஆகாம ஒருத்தரையும் ஸ்டியரிங் தொட விட மாட்டீங்க. இதை மட்டும் பதிமூணுல தூக்கிக் குடுப்பீங்களா?" என்று டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவரை மடக்கிப் பார்த்தாள் அம்மா. "கிளாஸ்ல எல்லாப் பிள்ளைகிட்டயும் இருக்கு. நம்ம பொண்ணு மட்டும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று அப்பா விடாப்பிடியாக நின்று ஜெயித்தார். போன வாரம் வாங்கிய போன் பீரோவுக்குள் இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது, எல்லோர் கைக்கும் எட்டும்படி.

வாழ்த்துச் சொல்ல வந்திருந்த பெரியம்மா குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். சோப்பைப் பார்த்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்!" என்று குதித்தார் அப்பா. வாரண்டி அட்டையை எடுத்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் படிக்கப் பார்த்தார். "சே, இந்த ரூம்ல வெளிச்சமே இல்ல."

ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அம்மா, மூக்கை விட்டு இறங்காத கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சோப்பைத் திருப்பினாள். "இது நம்ம வீட்டு சோப்பு. மூலையில நான் வெட்டின அடையாளம் இருக்கு." அவள் பார்வை மகள் மேல் விழுந்தது. "ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

"நான் எடுக்கலம்மா!"

"எடுத்தது நீதான்னு தெரிஞ்சா, காலேஜ் போற வரைக்கும் போன் பேச்சே கிடையாது."

குட்டிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போன் போனதைவிட, அம்மா நம்பாததுதான் அவளைக் குத்தியது. அப்பா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

பெரியம்மா விசாரணையைத் தொடங்கினார்.

"பீரோவை யார் திறந்தது?"

"நேத்து சேலை எடுக்க நான் திறந்தேன்," என்றாள் அம்மா. "பெட்டி இருந்துச்சு. கனமாவும் இருந்துச்சு."

"உனக்குத்தான் போன் குடுக்கவே இஷ்டமில்லையே?"

"அக்கா! என்னையே சந்தேகப்படுறியா?"

"வேலைன்னு வந்துட்டா தங்கச்சி கிடையாது. மாப்பிள்ளை, நீங்க?"

"நான் ஏன் அண்ணி எடுக்கணும்? சண்டை போட்டு வாங்கினவனே நான்தானே!"

நியாயமான பேச்சு. பெரியம்மா தலையாட்டிவிட்டு வீட்டை அலசினார். சமையலறைப் பரணில் எல்லாச் சாமான் மேலும் தூசி அப்பிக் கிடந்தது. பழைய மிக்ஸிப் பெட்டி மேல் மட்டும் கை பட்ட தடம். உள்ளே துண்டில் சுற்றிய போன்.

"ஸ்டூல் போட்டு ஏறியிருப்பா," என்றாள் அம்மா. குட்டி விசும்பினாள்.

பெரியம்மா போனை உயிர்ப்பித்தார். கடவு எண் கேட்காமலே திறந்துகொண்டது. அவர் புருவம் உயர்ந்தது. கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்தார். முகத்திலிருந்த குறும்பு மறைந்தது.

"குட்டி, இது உன் கைக்கு வந்திருந்தா முதல்ல என்ன பண்ணுவே?"

"லாக் போடுவேன்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இதுல லாக்கே இல்ல. அது மட்டுமில்ல, இதைப் பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினார். எழுத்துகள் பஸ் போர்டு மாதிரி பெரிதாக இருந்தன. "பதிமூணு வயசுக் கண்ணுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய எழுத்து? என் தங்கச்சியோ கண்ணாடியைக் கழட்டுறதே இல்ல. வெயில் கொட்டுற ரூம்ல வெளிச்சம் பத்தலைன்னு சொன்னது ஒரே ஆள்தான். என்ன மாப்பிள்ளை?"

அப்பா திருதிருவென்று விழித்தார்.

"வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறவன் கண்ணாடி போட்டா எவன் வருவான்..." என்று ஆரம்பித்தவர், தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாம் ரெடி பண்ணி வெச்சு பாப்பாவை அசத்தலாம்னு முந்தாநேத்து திறந்தேன். அவ வயசு போட்டு, பூனை படம் வெச்சு சாட் ஆப்ல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சேன். சாயங்காலத்துக்குள்ள எவனோ கேக்கிறான்: எந்த ஸ்கூல், ரூம்ல தனியாத்தான் இருக்கியான்னு. பயந்துபோய் போனைப் பரண்ல ஒளிச்சு, பெட்டியில சோப்பை வெச்சுட்டேன்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றாள் அம்மா.

"மூணு மாசம் சண்டை போட்டு ஜெயிச்சுட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது? கடைக்காரன் தலையில கட்டிடலாம்னு பார்த்தேன். பழி பாப்பா மேல விழும்னு சத்தியமா நினைக்கல."

"விழுந்தப்புறமும் சும்மாதானே நின்னீங்க," என்றார் பெரியம்மா.

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடி. உன்னை நம்பியிருக்கணும்."

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரியம்மா, எந்த வயசுலதான் போன் குடுக்கணும்?"

பெரியம்மா யோசித்தார். "வயசுக்கணக்கு எனக்குத் தெரியாதும்மா. பயமா ஏதாவது வந்தா, மறைக்காம ஓடி வந்து வீட்ல சொல்ற பக்குவம் வரணும். அப்போ குடுக்கலாம்."

குட்டி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த அவருடைய சொந்த போனை மெதுவாக உருவி அம்மாவிடம் நீட்டினாள்.

"அப்போ இதையும் பீரோல வெச்சுப் பூட்டும்மா. அப்பாவுக்கு இன்னும் வயசு வரல."