வெளிச்சத்தில் தூங்கும் சாட்சிகள்

ட்ரிங்ங்ங்...!

ஆய்வுக்கூடத்து அலுவலக அறையில் போன் அலறியது. இன்ஸ்பெக்டர் எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சாச்சு. உங்க டாக்டர் மண்டையில அடிபட்டுச் செத்தது நேத்து காலையில ஏழு மணிக்கு!"

எதிரே அவள். தூக்கத்தை ஆராய்ந்த டாக்டரின் உதவியாளர். பதினோரு வருடமாக அவருடைய எலிகளுக்குத் தீனி வைப்பவள்.

"சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு அவர்கிட்ட... இன்னொண்ணு உங்ககிட்ட. ஏழு மணிக்கு எங்கம்மா இருந்தீங்க?"

"நேத்து லீவு சார். வீட்ல தூங்கிட்டிருந்தேன்."

"பார்த்தவங்க?"

"தனிக்கட்டை தூங்கறதை யாரு சார் பார்ப்பாங்க?"

'சாப்பிட்டியா' என்று அவளைக் கேட்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார். அவரும் போய்விட்டார். இனி ஜெயில்தானா...?

"இவளேதான் சார்!" பாய்ந்தான் டாக்டரின் தம்பி. "நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு. எலி ரூமை எட்டிப் பார்த்தா அண்ணன் தரையில... எலிங்க எல்லாம் சுருண்டு தூங்குது! வாசல்லயே நின்னு உங்களுக்குப் போன் போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"இந்தப் பக்கமே வந்ததில்ல. சத்தியமா!"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எலிங்க தூங்கிச்சா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

அவள் எழுந்து எலி அறைக் கதவைத் திறந்தாள். கும்மிருட்டு! உள்ளே கீச்... கீச்... கடகட... நாற்பது எலிகளும் ஓட்டமோ ஓட்டம்!

"மணி என்ன சார்?"

"ரெண்டே கால்."

"நாங்க வேலை பார்க்கறப்போ இதுங்க முழிச்சிருக்கணும். அதனால இங்க பகலை ராத்திரியாக்கி வச்சிருக்கோம். ராத்திரி எட்டு மணிக்கு லைட் எரியும். காலையில எட்டு மணிக்குத் தானா அணையும். இருட்டானா மூளையில மெலடோனின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும் சார். அது நமக்குப் 'படு'ன்னு சொல்லும். எலிக்கு 'எந்திரி'ன்னு சொல்லும்!"

"நேத்து நாங்க வந்தப்போ தெரியலையே?"

"உங்க ஆளுங்க வந்ததும் லைட்டைப் போட்டிருப்பாங்க. வெளிச்சம் பட்டா இதுங்க படுத்துடும்!"

"அப்போ இவன் பார்த்த தூங்கற எலி..."

"காலையில எட்டு மணிக்கு முன்னாடி, லைட் எரியறப்போ வந்தவங்க கண்ணுக்குத்தான் தெரியும்!"

தம்பி ஓடினான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"வீட்டை எழுதித் தரமாட்டேன்னான் சார்... ஒரே ஒரு அடிதான்..."

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. கோர்ட்டுக்கு வரணும். துணைக்கு யாராவது இருக்காங்களா?"

"நாப்பது பேர் இருக்காங்க சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கோர்ட்ல லைட்டை அணைச்சிடச் சொல்லுங்க. இல்லன்னா சாட்சிங்க தூங்கிடுவாங்க!"