விரைவாயிலில் கோமளாவின் குரல்

விரைவாயிலைத் தாண்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் காரியம், வலது உள்ளங்கையை எதிலாவது துடைப்பது. பேன்ட், புடவைத் தலைப்பு, கூட வரும் பிள்ளையின் முதுகு, எது வாய்க்கிறதோ அது. டெல்டா விமான நிலையத்தின் பன்னிரண்டு விரைவாயில்களுக்கு அப்பால் இருந்த தூண்களில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புப் பட்டை ஓடியது. மாதாமாதம் வெள்ளை அடிப்பார்கள். பத்தே நாளில் பட்டை திரும்பி வந்துவிடும்.

துடைக்காமல் என்ன செய்வது? வாயிலின் பொந்துக்குள் கையை விட்டால், வெதுவெதுப்பாக, ஈரமாக, ரோஜா நிறத்தில் ஒரு பஞ்சு வந்து மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒரே இழுப்பாக இழுக்கும். ஆவணங்களில் அதன் பெயர் வியர்வைச் சேகரி. ஜனங்கள் வைத்த பெயர் நாக்கு. ஒவ்வொரு பயணிக்குப் பிறகும் அது கிருமி நீக்கம் செய்யப்படுகிறது என்று அறிவிப்புப் பலகை சொன்னது. அந்தப் பலகையை எழுதியவர்கள் எந்த வழியாக விமானம் ஏறுகிறார்கள் என்று தில்லைநாயகத்துக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம், தூங்குகிறவர்களின் தோளைத் தட்டி, "ஐடி காட்டுங்க" என்று உயிரை எடுத்தவர். கடைசிக் காலத்தில் ஓர் இயந்திரம் தன்னை நக்கிப் பார்த்து அனுப்புவது ஒருவகையில் கணக்கு நேரானதுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். இன்று காலை பத்தரை மணிக்கு, ஏழாம் எண் விரைவாயிலின் முன்னால், தோளில் பாப்பா பையும் கையில் பாப்பாவுமாக நின்றார். பக்கத்தில் மகள் மகிழினி.

மகிழினி சிங்கப்பூரிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். தாய் இல்லாத தாய்வீடு. பூண்டுக் குழம்பிலிருந்து பிரசவ லேகியம்வரை எல்லாவற்றையும் தில்லைநாயகமே வீடியோ பார்த்துக் கிண்டினார். லேகியம் இறுகிப்போய், உளியால் உடைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பாப்பாவுக்கு இன்றோடு ஐம்பத்தோரு நாள். அவளைக் கொண்டுபோய் அப்பனிடம் சேர்ப்பதற்காகத் தாத்தாவும் கூடக் கிளம்பியிருந்தார். விமானம் பன்னிரண்டே காலுக்கு.

உடற்சான்றுச் சட்டம் வந்து எட்டு வருஷமாகிறது. முகம், விழித்திரை, நடை, குரல், வியர்வை என ஐந்தையும் குடும்பத்தோடு பதிந்துவைத்தவர்கள் ஒன்பது விநாடியில் வாயிலைத் தாண்டலாம். பதியாதவர்கள் நிதானவரிசைக்குப் போக வேண்டும். காகிதம், முத்திரை, பெட்டியைக் கொட்டிக் காட்டுதல், ஐந்து மணி நேரம். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நிதானவரிசைக்கு ஒரே ஒரு கவுண்டரை வைத்ததோடு நிறுத்திக்கொண்டது.

பதற்றமான உடம்பை இயந்திரத்தால் சரியாகப் படிக்க முடியவில்லை. நாடி துள்ளுகிறது, முகம் கோணுகிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குடும்பக்கோப்பில் இருக்கும் குரல்களில் எதைக் கேட்டால் உங்கள் நாடி அடங்குமோ, அந்தக் குரலில் வாயில் பேசும். அணுக்கக்குரல் என்று பெயர். குரலுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை இயந்திரம் பார்ப்பதில்லை. அது அதன் வேலையும் இல்லை.

தில்லைநாயகம் கையைப் பொந்துக்குள் விட்டார்.

"என்னங்க, வந்துட்டீங்களா? விரலைக் கொஞ்சம் விரிங்க" என்றது கோமளவல்லியின் குரல்.

அவர் மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது.

நாக்கு இழுத்தது. வழக்கம்போல் அவர் வயிறு ஒருமுறை புரண்டது. வழக்கம்போல் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சமாதானமாகி உட்கார்ந்தது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் அவருக்குத் தன்மேல் இருந்த பெரிய அருவருப்பு.

மகிழினி முகத்தைச் சுளித்தாள். "அம்மாவையாப்பா வச்சிருக்கீங்க? எனக்கு உவ்வேன்னு வருது."

"நான் எங்க வச்சேன், அதுவா வச்சுக்குது" என்றார் அவர், பாப்பாவின் குல்லாவைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டு.

வாயில் திறக்கவில்லை. பச்சை விளக்குக்குப் பதிலாக மஞ்சள் எரிந்தது. ஓரத்தில் நின்றிருந்த பணியாளர் பெண் வந்தாள். சட்டையில் சுகிர்தா என்று பெயர் எழுதியிருந்தது. இருபத்தைந்து வயதிருக்கும், பளிச்சென்ற சிரிப்பு.

"ஐயா, பாப்பா இன்னும் கோப்புல ஏறல. முப்பது நாளுக்கு மேல ஆயிட்டா ஏத்தியே ஆகணும். ரெண்டு நிமிஷ வேலை. கோப்புக்கு மூத்தவர் நீங்கதான், நீங்க சரின்னா போதும்."

"என்ன ஏத்தணும்?"

"பாதம், வியர்வை, அழுகை."

"அழுகையா?"

"குரலுக்கு விதை ஐயா. பிற்காலத்துல இவங்க குரல் எப்படி வரும்னு அதுலேந்து கணிச்சிக்கும்." கீழே மாம்பழ அளவில் இன்னொரு பொந்து திறந்தது. "காலை மட்டும் உள்ள விடுங்க."

தில்லைநாயகம் படிவங்களை மதிக்கிற மனிதர். யாராவது சீருடையில் நின்று ஒன்றைச் சொன்னால், முதலில் செய்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவது அவர் சுபாவம். தன் சீருடைக்கு எத்தனையோ பேர் அப்படிப் பணிந்ததைப் பார்த்துப் பார்த்து வந்த வியாதியாகவும் இருக்கலாம். மகிழினி பாஸ்போர்ட்டை எடுக்கப் பைக்குள் குனிந்திருந்த அந்த ஒரு கணத்தில், அவர் பாப்பாவின் வலது காலைப் பொந்துக்குள் வைத்துவிட்டார்.

உள்ளே சின்ன நாக்கு ஒன்று சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. பாப்பா கண்ணை அகல விரித்தாள். அழவில்லை. அடுத்து புஸ்ஸென்று பனிக்காற்று பாதத்தில் அடித்தது. பாப்பாவின் உதடு பிதுங்கியது.

"அழுடி தங்கம், அழு. ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் சத்தமா அழு" என்றது கோமளாவின் குரல், கொஞ்சலாக.

இரண்டாவது தடவை புஸ்ஸென்றது.



கோமளவல்லி ஓர் ஆய்வகத்தில் முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவள். ஊசியைக் கையில் எடுத்ததும், எதிரே யார் இருந்தாலும், "குத்தட்டுமா?" என்று கேட்பாள். தலையாட்டும்வரை காத்திருப்பாள். கலெக்டர் வந்தாலும் கேட்பாள், பிறந்து மூன்று நாளான பிள்ளையிடமும் கேட்பாள். குதிகாலைக் கட்டைவிரலால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே, "குத்தட்டுமா தங்கம்?" என்பாள். 'அது என்னத்தப் பதில் சொல்லப் போவுது, சீக்கிரம் குத்து' என்று தில்லைநாயகமே ஒருநாள் கேலி செய்திருக்கிறார். 'சொல்லாட்டிப் போவுது. நான் கேக்கணும்ல' என்றாள் அவள்.

அந்தக் குரலை எடுத்துத்தான் இவர்கள் ஒரு பச்சைப்பிள்ளையைச் சில்லிட வைத்து அழச்சொல்கிறார்கள்.

அவர் பாப்பாவின் காலை வெளியே இழுத்தார். குட்டிப் பாதம் பிசுபிசுவென்று பளபளத்தது. மருந்தும் பழைய எச்சிலும் கலந்த வாடை. பாப்பா இப்போதுதான் வீரிட்டு அழுதாள், வாயிலுக்கு வெளியே, இலவசமாக.

"என்னப்பா பண்ணீங்க?" மகிழினி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, தன் துப்பட்டாவால் அந்தப் பாதத்தைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். "என்னைக் கேக்காம ஏன் வச்சீங்க?"

முப்பத்தாறு வருஷம் அவர் யாரையும் கேட்டதில்லை, தட்டித்தான் எழுப்பியிருக்கிறார்.

"ஐயா, பாதி ஏறிடுச்சு. அழுகை மட்டும் பாக்கி" என்றாள் சுகிர்தா. "நிறுத்த முடியாது. நிறுத்தணும்னா குடும்பக்கோப்பையே மூடணும்."

"மூடினா?"

"பாப்பாவோடது எதுவும் நிக்காது. ஆனா எல்லாமே போயிடும். இனிமே நீங்க எல்லாரும் நிதானவரிசைதான்." அவள் கொஞ்சம் தயங்கினாள். சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அம்மாவோட குரலும் போயிடும் ஐயா. நீங்க அதுக்காகத்தானே மாசாமாசம் வர்றீங்க."

மகிழினி துடைப்பதை நிறுத்தினாள். "மாசாமாசமா?"

"சென்னைக்கு... பல் வைத்தியம்" என்றார் தில்லைநாயகம்.

"உங்களுக்கு இருக்கறதே செட்டுப் பல்லுப்பா."

செட்டுப் பல் தெரிய ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. மூன்று வருஷமாக மாதம் ஒரு விமானம். சென்னையில் இறங்கி, ஒரு காபி குடித்து, அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார். போக ஒன்பது விநாடி, வர ஒன்பது விநாடி. அந்தப் பதினெட்டு விநாடிக்காக உள்ளங்கையை நக்கக் கொடுத்துவிட்டு, ஒரு தடவைகூட 'இது அவள்தானா' என்று கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். கேட்டால் போய்விடும் என்று தெரியும்.

மகிழினி அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பாப்பாவின் பால் கட்டியை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"மகி" என்றார் அவர். "கோப்பை மூடிடட்டுமா? இன்னைக்கு ஃப்ளைட் போயிடும். மாப்பிள்ளை அங்க ஏர்போர்ட்ல வந்து நிப்பாரு. அம்மா குரலும்... நீதான் சொல்லணும். மூடட்டுமா?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "மூடுங்கப்பா. அவருக்கு நான் சொல்லிக்கறேன். நாளைக்குப் பாத்தா பொண்ணு என்ன கிழவியாவா ஆயிடப் போறா?"

சுகிர்தா திரையில் எதையோ தட்டினாள். "கடைசி உறுதிமொழி, உள்ளங்கையால ஐயா. மன்னிச்சிக்குங்க." அவள் நாலடி தள்ளிப்போய் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இதற்கப்புறம் என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கையை உள்ளே விட்டார்.

"என்னங்க" என்றது குரல். இதுவரை அவர் கேட்டிராத ஒரு நடுக்கம் அதில். "என்னைய விட்டுட்டுப் போறீங்களா? ஒரு தடவை யோசிங்களேன். பாப்பா குரலையும் குடுத்துட்டா, நாம எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்ல?"

ஒரு விநாடி அவர் நாடி முழுசாக அடங்கிவிட்டது. நல்ல குரல். கெஞ்சினால் இப்படித்தான் கெஞ்சியிருப்பாள் என்று கணித்து, யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த குரல்.

"கோமளா கடைசி பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா" என்றார் அவர், பொந்தைப் பார்த்து. "வலி தாங்காம பல்லைக் கடிச்சா. அப்பகூட எங்கிட்ட ஒரு தடவை கெஞ்சல. மூடு."

நாக்கு கடைசித் தடவையாக இழுத்தது. திரையில் ஓர் ஆண்குரல், செய்தி வாசிப்பதுபோல், "உங்கள் கோப்பு மூடப்பட்டது, பயணி" என்றது.

அவ்வளவுதான். விளக்கு அணைந்தது.

நிதானவரிசை கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைகளைத் தாண்டி இருந்தது. அங்கே போக விரைவாயில்களுக்கு எதிரே நீளமாக நடக்க வேண்டும். இத்தனை வருஷம் அவர் தன் வாயிலை மட்டுமே கேட்டவர். இன்று பன்னிரண்டையும் கேட்டுக்கொண்டு நடந்தார். "வாடா கண்ணு, கையை வை" என்றது யாருடைய அப்பாவோ. "அண்ணா, நான்தான், பயப்படாத" என்றாள் யாருடைய தங்கையோ. போனவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று, இருப்பவர்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் முகம் இளக, கையை நீட்டி, நக்கப்பட்டு, துடைத்துக்கொண்டு போனார்கள்.

டிக்கெட்டை ராத்திரி விமானத்துக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, நிதானவரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். மின்விசிறி ஒன்று இருந்தது, ஓடவில்லை. பாப்பா இரண்டு தடவை பால் குடித்து, ஒரு தடவை அவர் மடியை நனைத்தாள். விமானம் பறந்துபோன சத்தம் கூரையில் கேட்டபோது மகிழினி, "போவுது பாருங்க நம்ம சீட்டு ரெண்டும், காலை நீட்டிக்கிட்டு" என்றாள். கவுண்டருக்கு வந்தபோது மணி நாலாகிவிட்டது. சோதனைக்கு நின்ற பெண் காவலருக்கு ஐம்பது வயதிருக்கும். சிடுசிடுத்த முகம், வியர்த்த அக்குள், கையில் பாதி கடித்த பிஸ்கட். அதை வாயில் போட்டுக்கொண்டு, கையைச் சட்டையில் தட்டிவிட்டு, பாப்பாவின் பக்கம் குனிந்தார்.

"தொடட்டுமா?" என்றார் சலிப்பாக.

தில்லைநாயகம் திகைத்துப் பார்த்தார்.

"என்ன சார் பாக்கறீங்க? இந்த வரிசையில கேட்டுட்டுத்தான் தொடணும், பழைய ரூலு. மாத்த மறந்துட்டானுங்க. பதில் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்குது."

"அவகிட்ட கேட்டீங்க, அவதானே சொல்லணும்" என்றார் அவர்.

பாப்பா காவலரை ஆற அமரப் பார்த்தாள். பிறகு பெரிய ஏப்பம் ஒன்றை விட்டு, வெதுவெதுப்பாக, ஈரமாக, தாத்தாவின் வலது உள்ளங்கை நிறையப் பால் கக்கினாள்.

பழக்கதோஷத்தில் அவர் கை பேன்ட்டை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அப்படியே ஏந்திக்கொண்டு, சிந்தாமல், கவுண்டரைத் தாண்டி நடந்தார்.