எல்லோருக்கும் ஓம்

கிளிநொச்சியில் பெரிய வீதியிலிருந்து இறங்கும் மண்பாதையில் அந்த வீடு இருந்தது. ஷெல் துண்டுகள் குத்திய சுவரைச் சீமெந்தால் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். பூசிய இடங்கள் தழும்பு போல அப்படியே தெரிந்தன. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த சித்திரையில் ஒரு தொண்டு நிறுவனம் அதைக் கந்தோராக்கியது. நிருஷன் அங்கே கணினி வேலைக்கு வந்தான்.

காணாமல் போனவர்களைத் தேடும் கந்தோர் அது. முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருப்பவர்களின் பெயர்கள் கொழும்பில் ஒரு கணினியில் இருந்தன. இங்கிருந்து ஒரு பெயரை அனுப்பினால், ஆள் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று அது பதில் சொல்லும். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், பதில் எப்படி வரும் என்பதையெல்லாம் எழுதிய கோப்பு ஒன்றைக் கொழும்பிலிருந்து சீடியில் அனுப்பியிருந்தார்கள். அதற்கு விவரணம் என்று பெயர். அதை ஒரு கருவிக்குள் போட்டால் ப்ரோகிராமை அதுவே எழுதித் தரும். கேட்கிற பக்கம் வேண்டுமென்றால் கேட்கிற பக்கம். பதில் சொல்கிற பக்கம் வேண்டுமென்றால் அது.

கொழும்புக் கணினியோடு இணைக்கும் டிஷ் இன்னும் பூட்டவில்லை. விறாந்தையில் பெட்டிக்குள் கிடந்தது.

"இண்டைக்கு ஏதும் கேக்கலாமோ தம்பி?" என்றாள் விமலேஸ்வரி. பெயர்களைத் தட்டச்சு செய்பவள். கள்ளப்பாடு என்ற கடற்கரை ஊர்க்காரி. மகள் நிலக்ஷியைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

"டிஷ் வராமல் ஆரைக் கேக்கிறது? முதல்ல ப்ரோகிராமை எடுப்பம்."

"நீங்கள் எடுக்கிறதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அவன் கருவியை ஓட்டினான். கேட்கிற பக்கத்துக்குப் பதிலாகப் பதில் சொல்கிற பக்கத்தைத் தெரிவுசெய்துவிட்டான். ஒரு சொல் பிழை. வந்ததை ஓடவிட்ட பிறகுதான் கண்டான். அது வெறும் கூடு. உள்ளே யாராவது எழுதும்வரை, எந்தப் பெயர் கேட்டாலும் 'இல்லை' என்று மட்டும் சொல்லும்.

நிறுத்தக் கையை வைத்தான். திரையில் ஒரு வரி வந்தது.

யாரோ கேட்டிருந்தார்கள்.

தேடப்படுபவர், ஒரு பெயர். தேடுபவர், இன்னொரு பெயர். தேடுபவர் இருக்கும் இடம்: தெரியாது. பதில்: இல்லை.

அவன் வயரைப் பார்த்தான். கணினியிலிருந்து சுவருக்கு மின்சார வயர் மட்டும்தான் போனது.

அடுத்த வரி. அடுத்தது.

விமலேஸ்வரி பின்னால் வந்து நின்றாள். "இது எங்கட ஊர்ச் சனம்" என்று மெல்லச் சொன்னாள். "இந்தப் பிள்ளை பக்கத்து வீடு. தாயைத் தேடுது. தாய் இருக்கிறா. முகாமில இருக்கிறா. பிள்ளைதான்…"



வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் ஈர வலையின் நாற்றம் வந்தது. கிளிநொச்சிக்குக் கடல் கிட்ட இல்லை.

தேடப்படுபவர்: விமலேஸ்வரி. தேடுபவர்: நிலக்ஷி. இடம்: தெரியாது.

பதில்: இல்லை.

அதே வரி மறுபடி வந்தது. மறுபடியும் இல்லை.

"நான் இல்லையெண்டு என்ர பிள்ளைக்குச் சொல்லுது."

"நிப்பாட்டிறன் அக்கா."

"நிப்பாட்டாதேங்கோ!" அவள் அவன் கையைப் பிடித்தாள். "நிப்பாட்டினா ஆரிட்டக் கேப்பாள்? ஓம் எண்டு மாத்துங்கோ. அம்மா இஞ்சதான் எண்டு எழுதுங்கோ."

"ஆரைக் கூப்பிடுறியள் எண்டு விளங்குதோ?"

"என்ர பிள்ளையை."

அவன் மாற்றினான். 'இல்லை' இருந்த இடத்தில் 'ஓம்'. இடம் கேட்டிருந்தது. இந்த வீட்டின் விலாசத்தைக் கொடுத்தான். மறுபடி ஓடவிட்டான்.

பதில்: ஓம்.

விமலேஸ்வரி அழுதாள். திரை நிற்கவில்லை. ஓம். ஓம். ஓம். வரிகள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் மேலே ஏறின.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யார் யாரைக் கேட்கிறார் என்று பார்க்கும்படி அவன் ப்ரோகிராமுக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஓம். எல்லோருக்கும் இந்த விலாசம்.

நிறுத்தினான். பிந்திவிட்டது.

முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கனகலிங்கம் சத்தம் போட்டார். "தம்பி! சனம் வெயிலுக்க நிக்குது, கதவைத் திறவுங்கோவன்! கந்தோர்க்காரர் எண்டவுடன கொழுப்பு வந்திட்டுதோ?"

நிருஷன் ஜன்னலால் பார்த்தான். வெறும் மண்பாதை. ஒரு மாடு. கனகலிங்கம் கிளாஸைத் துடைத்தபடி, ஒன்றுமில்லாத அந்த இடத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்த கை நின்றது.

"ஐயோ" என்றார். கடைக் கதவு அடிபட்டுச் சாத்திக்கொண்டது.

வாசலில், கதவின் அந்தப் பக்கம், ஒரு குரல் "அம்மா" என்றது.

விமலேஸ்வரி எழுந்தாள்.

"அம்மா" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. எல்லாம் பிள்ளைக் குரல்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் ஒரே இரைச்சலாகி, அலை மாதிரிக் கதவில் மோதியது.

அவள் கதவில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"எது அவள் எண்டு பிடிபடேல்லை தம்பி."

"திறக்காதேங்கோ அக்கா. காலில விழுறன்."

"கூப்பிட்டது நாங்கள்தானே" என்றாள்.

திறந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். குளிர் காற்று அவன் முழங்காலுக்குக் கீழே மட்டும் உரசிக்கொண்டு போனது. நிறையப் போனது.

அன்றே அவன் எல்லாவற்றையும் அழித்தான். அழித்துப் பயனில்லை. விவரணத்தில் கேட்க வழி இருந்தது, பதில் சொல்ல வழி இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. இன்னும் தேடிப் பார்க்கிறான்.

கந்தோர் பரந்தன் பக்கம் மாறியது. விமலேஸ்வரி போகவில்லை. வெறும் வீட்டுக்குள் இருந்துகொண்டாள். ஆவணியில் ஒரு பின்னேரம், வேறு பாதை மறித்திருந்ததால், அவன் அந்த வழியாகச் சைக்கிளில் போனான்.

உள்ளே அவள் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓம் ராசாத்தி." கொஞ்சம் மௌனம். "ஓம் அப்பன், அம்மாதான்." மௌனம். "ஓம்." ஒவ்வொரு மௌனமும் ஒவ்வொரு நீளம்.

அவன் வேகமாக மிதித்தான்.

சைக்கிள் ஓடவில்லை. பின் கரியர் பாரமாகியது. முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியது.

"அண்ணை" என்றது ஒரு சின்னக் குரல், காதுக்குக் கிட்ட. "அம்மா இஞ்ச இருக்கிறா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவன் திரும்பிப் பார்க்காமல் மிதியை அழுத்தினான்.

"அவா எங்கட அம்மா இல்லை."