நேரில் பார்த்தவர்

தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தன் இயந்திரப் பதிலியை அனுப்பிவிட்டு மாசிலாமணி கண்காட்சிக்குக் கிளம்பினார். பதிலி பந்தியில் உட்காரும், பெரியவர்களை நலம் விசாரிக்கும். சாயங்காலம் திரும்பி வந்து அவர் பிடரியில் விரல் வைத்தால், எல்லாம் அவரே போய்வந்த நினைவாக உள்ளே இறங்கிவிடும். செவ்வாய்க் கோளின் தென்வட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். முதலில் புழுதிப்புயல் வீசும் நாட்களுக்காகத்தான் பதிலிகளைச் செய்தார்கள். பிறகு புயல் அடங்கிய நாட்களிலும் சுரங்கப்பாதையில் நடக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கலைஞர்கள் மட்டும் நேரில் வந்தாக வேண்டும் என்பது கண்காட்சி மண்டபத்தின் விதி. இந்த முறை ஆறு பேர். ஒருவர் செம்மண்ணில் முகங்கள் வனைந்திருந்தார். ஒருவர் பாசியை வளர்த்தே ஓவியமாக்கியிருந்தார். மாசிலாமணிக்குப் பக்கத்து இடம் செண்பகவல்லிக்கு. வெளியே போகும்போது முகத்தில் மாட்டும் மூச்சுக்குழல்களில் பழையவற்றைப் பின்னிப் பின்னி ஆளுயரத்துக்கு ஒரு மரம் செய்திருந்தாள்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தப் பொருளும் அரிதான ஊர் அது. காட்சி முடிந்ததும் எல்லாம் உருக்குக்கூடத்துக்குப் போய்விடும். செய்தவரைத் தவிர, நேரில் பார்த்த மனிதர் ஒருவராவது "இது இருக்கட்டும்" என்று சொன்னால் மட்டும் அந்தப் படைப்பு மண்டபத்திலேயே தங்கும். பதிலியின் சொல் செல்லாது. எதைக் கண்டாலும் புகழும்படிதான் அவற்றைப் பழக்கியிருந்தார்கள்.

மாசிலாமணி கொண்டுவந்தது ஒரு கண்ணாடிப் பலகை. ஆட்கள் குடியிருந்த நான்காம் கண்ணாடிக் குமிழ் வெடித்தபோது சிதறிய சில்லுகளை உருக்கி வார்த்தது. அந்த வெடிப்பில்தான் அவர் மனைவி தையல்நாயகி போய்ச் சேர்ந்தாள். அவளுடைய உள்ளங்கையைக் கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் அதில் பதித்திருந்தார். நெருங்கி நின்று மூச்சு விட்டால் கண்ணாடி பனிக்கும், அவள் கை தெரியும், மறையும். பதிலிகளுக்கு மூச்சு கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார். யாராவது ஒருவர், உயிரோடு ஒருவர், கிட்டே வரட்டும் என்று.

பதிலிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் பலகையின் முன் நின்று தலைசாய்த்தது.

"ஆழமான படைப்பு ஐயா."

"என்ன தெரிஞ்சுது உனக்கு?"

"கண்ணாடி தெரிந்தது ஐயா. மிகவும் ஆழம்."

மதியத்துக்குமேல் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் நகரவில்லை. தான் அந்தப்பக்கம் போன நேரம் பார்த்து ஒரு மனிதர் வந்துவிட்டால்? வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் கடுத்தது. வாசலில் பதிலிகளைத் தவிர யாரும் வரவில்லை.

கதவு சாத்தியதும் மண்டபக் காப்பாளன் வந்தது. பழைய இயந்திரம், குரல் கரகரத்தது.

"ஆறு படைப்புகளும் உருக்குக்கூடத்துக்குப் போகின்றன. ஒன்றையும் யாரும் நேரில் பார்க்கவில்லை."

"ஊர்ல ஒருத்தருக்குக்கூட வர மனசில்லையா?" என்றார் மாசிலாமணி. "மனுசங்களா இவங்க?"

"மனிதர்கள் வந்திருந்தார்கள் ஐயா. காலை முதல் ஆறு பேர் இங்கேயே இருந்தீர்கள். உங்களில் ஒருவர் அடுத்தவருடையதைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் போதும்."

மாசிலாமணி செண்பகவல்லி பக்கம் திரும்பினார்.

"பக்கத்துலதானே நின்னே தாயி. ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமே."

"வரணும்னுதான் இருந்தேன்ணே. நான் நகந்த நேரத்துல யாராச்சும் வந்துட்டா என்ன பண்றதுன்னு..." அவள் நிறுத்தினாள். "நீங்க என்னதப் பாத்தீங்களா?"

அவர் பார்த்திருந்தார். குழல் குவியல் என்று மேலோட்டமாக ஒரு பார்வை. அதைப் பார்த்ததாக எப்படிச் சொல்வது?

"இப்ப பாக்கறோம்," என்றார் காப்பாளனிடம். "ஆறு பேரும் சொல்றோம்."

"கதவு சாத்திய பிறகு காட்சி இல்லை ஐயா."

வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். சாவுக்குப் போகிறவர்கள்போல ஆறு பேரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். அப்போதுதான் ஒருவருடையதை ஒருவர் பார்த்தார்கள். மண் முகங்களை வனைந்தவர் பாசி ஓவியத்தைக் குனிந்து பார்த்தபடியே வந்தார். செண்பகவல்லியின் மரம் மாசிலாமணியின் முகத்தருகே ஆடிக்கொண்டு வந்தது. அருகில் பார்த்தால் அது குவியல் இல்லை. ஒவ்வொரு கிளை நுனியிலும் குழலின் வாய் திறந்திருந்தது, மூச்சுக்கு ஏங்குவதுபோல.

தாழ்ந்திருந்த ஒரு கிளையின் நுனியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. அவர் கை தானாக அதைப் பற்றியது. கல்யாணச் சேலையின் முந்தானையிலிருந்து உருவிய நூல். மற்றவர்கள் குழலோடு தன்னுடையது மாறிப்போகக்கூடாது என்று தையல்நாயகி சுற்றி, பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இது எங்க எடுத்தது?"

"நாலாம் குமிழ்லண்ணே. செத்தவங்களோட குழல் எல்லாம் நான் வேல பாக்கற ரிப்பேர் கடைக்குத்தான் வந்துச்சு. வெட்டிப்போட மனசு வரல." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "யாரோடதுண்ணே?"

உலையின் கதவு திறந்து, சிவந்த வெளிச்சம் எல்லார் மேலும் விழுந்தது. காப்பாளன் வண்டியை உள்ளே தள்ளத் தொடங்கியது. மாசிலாமணி நூலை விடாமல் கூடவே இரண்டடி போனார். பிறகு சூடு தாங்காமல் கை நூலை விட்டுவிட்டது.