ஹாலிஸ் விக்லிஃபின் முதல் பக்கம்

2009 பிப்ரவரி. செவ்வாய்க்கிழமை, காலை 8.15.

ஹாலிஸ் விக்லிஃப் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மேற்கு வர்ஜீனியாவின் அந்தச் சின்ன மருத்துவமனையில், தரைக்குக் கீழே இருந்த பதிவு அறைக்கு அவருடைய கோப்பு வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் அவர் மனைவி ஓப்பலும் வந்து நின்றாள்.

வெர்னா டல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். டாக்டர்கள் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். செத்தவர்களின் கோப்பு அவளுக்குப் புதிதல்ல. செத்தவரின் மனைவி எதிரில் உட்காருவதுதான் புதிது.

“இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் ஓப்பல். “இப்ப என்னடான்னா, வரும்போதே நிமோனியா இருந்துச்சுன்னு கடுதாசி போட்டிருக்காங்க. பக்கத்துலயே படுத்திருந்தவ நான். எனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?”

“இருமல் இருந்துச்சா?”

“முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல கிடந்த மனுஷன். இருமாம இருப்பாரா? ஆனா கருப்பாத்தான் வரும். பச்சையா வந்ததே இல்ல.”

வெர்னா கோப்பைத் திறந்தாள். முதல் பக்கம்: திங்கள் காலை 8.10, டாக்டர் லோவெல் ஆம்ஸ்டட்ஸின் பரிசோதனைக் குறிப்பு. கிறுக்கலாக நான்கு வரி. அதன்கீழ் ஐந்தாவதாக ஒன்று: ‘பச்சைச் சளி. நிமோனியா, சூடோமோனஸால் உண்டானது. வரும்போதே இருந்தது.’

பக்கங்களைப் புரட்டினாள். திங்கள் மதியம் அறுவை. பிறகு மூச்சுக் கருவி, எண் ஏழு. புதன்கிழமை காய்ச்சல், அன்றைக்குத்தான் சளி பரிசோதனைக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை, சூடோமோனஸ் என்ற கிருமியின் பெயரோடு பதில் வந்தது. சனிக்கிழமை மரணம்.

மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். அந்த ஐந்தாவது வரியிலேயே கண் நின்றது.

9.05.

பதிவுத் துறையின் தலைவி கார்லீன் ஸ்டௌட் கதவில் சாய்ந்து நின்றாள். “விக்லிஃப் கோப்பை இன்னிக்கே முடிச்சுடு வெர்னா. எல்லாம் தெளிவாத்தானே எழுதியிருக்கு?”

“அவர் சம்சாரம் அப்படி இல்லங்கறாங்க.”

“பொண்டாட்டிங்களுக்கே எல்லாம் தெரியும்னா டாக்டருங்க எதுக்கு?” கார்லீன் சிரித்தாள். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

9.40.

டாக்டர் ஆம்ஸ்டட்ஸ் உணவறையில் ஆறிப்போன முட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்.

“டாக்டர், ஹாலிஸைச் சோதிச்சப்ப நெஞ்சு எப்படி இருந்துச்சு?”

“சுத்தமா இருந்துச்சு. இல்லேன்னா கத்தி வைக்க விட்டிருப்பேனா? என்ன, என்னையே விசாரிக்கிறியா?”

“ஆமா.”

அவர் முகம் சிவந்தது. வெர்னா ஒரு காகிதத் துடைப்பானையும் பேனாவையும் நீட்டினாள். “அவரைக் கொன்ன நோயை எழுதுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்: ‘சூடோமோனஸ் நிமோனியா.’

அவள் முதல் பக்கத்தைக் காட்டினாள். அவர் முகத்தின் சிவப்பு வடிந்தது. “நாலு வரி நான் எழுதினது. அஞ்சாவது நான் எழுதல.”

10.20.

கடந்த நான்கு மாதங்களில் இதே கிருமியால் இறந்தவர்களின் கோப்புகளை வெர்னா எடுத்தாள். ஹாலிஸைத் தவிர இரண்டு இருந்தன. இரண்டிலும் முதல் பக்கத்தின் அடியில் அதே வரி. இரண்டிலும் மூச்சுக் கருவி எண் ஏழு.

அந்தக் கருவி இப்போது எங்கே?

அவள் படிகளில் ஓடினாள். மூட்டு வலி அப்போது நினைவில்லை.

அறை 214. முப்பத்துநான்கு வயது ஆசிரியை ஒருத்தியின் மூச்சு ஏழாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி சுட்டது. கருவியின் நீர்க் குடுவையில் பாசி போல ஒரு வழவழப்பு. பக்கத்தில் தொங்கிய தாளில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று நாள்தோறும் ஒரே பேனாவால் கையெழுத்து: டென்னி ஸ்டௌட். புதன்கிழமைக்கும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அன்று செவ்வாய்.

“கருவியை மாத்துங்க! உடனே!” என்று கத்தினாள்.

11.30.

கார்லீனின் அறை. டாக்டர் கதவை மூடினார்.

“அந்த வரியை எழுதினது நீ,” என்றாள் வெர்னா.

“உளறாதே. இந்தக் கட்டடத்துல பேனா பிடிக்கிறவங்க முன்னூறு பேர்.”

“திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்தக் கிருமியோட பேரு யாருக்கும் தெரியாது கார்லீன். சளியே புதன்கிழமைதான் போச்சு, பேரு வெள்ளிக்கிழமை வந்துச்சு. திங்கட்கிழமைப் பக்கத்துல அது எப்படி வரும்?”

“டாக்டர் அப்புறமா சேர்த்திருப்பாரு.”

“டாக்டருங்க ‘சூடோமோனஸ் நிமோனியா’ன்னுதான் எழுதுவாங்க. ‘நிமோனியா, சூடோமோனஸால் உண்டானது’ன்னு நோயை முன்னாடி, கிருமியைப் பின்னாடி வைக்கிறது நம்ம எண் புத்தகம். அந்தப் புத்தகத்தோட வாழறவங்க இங்க ரெண்டே பேர். நான் எழுதல.”

கார்லீன் மேசையைப் பார்த்தாள்.

“கிருமிப் பேரு இல்லாம அந்த எண்ணைப் போட முடியாது,” என்றாள் வெர்னா. “ உன் கை பழக்கத்துல எழுதிடுச்சு. ‘வரும்போதே இருந்தது’ன்னு மட்டும் எழுதியிருந்தா நானும் விட்டிருப்பேன்.”

கார்லீன் தலை நிமிராமலே பேசினாள். “முதல் ஆள் செத்தப்பவே, கருவியைக் கழுவலைன்னு டென்னி எங்கிட்ட சொன்னான். இனிமே ஒழுங்கா கழுவறேன்னு சத்தியம் பண்ணான். நோய் வரும்போதே இருந்துச்சுன்னா கருவியை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எம் புள்ள வெர்னா.”

“ரெண்டாவது ஆள் செத்தப்ப?”

டாக்டர் தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்தின் எண்ணை அழுத்தினார்.

அன்று மாலைக்குள் வெர்னா மூன்று கோப்புகளிலும் ‘வரும்போதே இருந்ததா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துக் கையெழுத்திட்டாள். மூன்று குடும்பங்களுக்கும் புதிய கடிதம் போனது. கார்லீனும் மகனும் விசாரணைக்காக மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

நான்காவது வாரம் ஓப்பல் கீழே இறங்கி வந்தாள். நாளிதழில் எல்லாம் வந்துவிட்டிருந்தது. அழவில்லை. உட்காரவும் இல்லை.

“அந்த டீச்சர் பொண்ணு?” என்று கேட்டாள்.

“பொழச்சுட்டாங்க. நேத்து வீட்டுக்குப் போனாங்க.”

ஓப்பல் தலையாட்டினாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியேறிப் போனாள்.