ஏழாம் அட்டையில் பதினான்கு பேர்

"கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு வரீங்க?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் பெட்டி கவிழ்ந்துவிட்டது.

மழைக்கு ஒதுங்க பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் ஓடிவந்தவள் குடையை மடக்கிய வேகத்தில் அதன் கம்பி அவன் கையிலிருந்த பெட்டியை ஒரு தட்டுத் தட்டியது. மூடி திறந்து, உள்ளே இருந்த அட்டைகள் ஈரத் தரையில் சரசரவென்று பரவின.

"கண்ணு குடைக்குள்ளதான் இருந்துச்சு, ஸார். இப்பத்தான் வெளியே வந்தேன்..."

"ஜோக்கா? இதுல ஒண்ணு நனைஞ்சாலும் இன்னிக்கு என் கதை முடிஞ்சுது!"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் அவளை உட்கார வைத்தது. கைக்குட்டையை எடுத்து ஒவ்வோர் அட்டையாகத் துடைக்கத் தொடங்கினாள். பழைய ரயில் டிக்கெட்டின் படம்... யாரோ யாருக்கோ எழுதிய கடிதம்... ஓடாமல் நின்றுபோன ஒரு மில்லின் வரைபடம்... ஒவ்வொன்றின் பின்னாலும் அதே மூன்று கேள்விகள்.

'இதைச் சொல்வது யார்? எதற்காகச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்?'

அவள் கை நின்றது. ஆறு வருடமாக வரலாறு நடத்துகிறாள். ஆண்டுகளையும் போர்களையும் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் அவள் கேட்க நினைத்து, சரியாகக் கேட்கத் தெரியாமல் தவித்த கேள்விகள்... யாரோ எழுதி, அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்!

அடுத்து அவள் எடுத்தது ஏழாம் எண் அட்டை. பாதி கட்டிய பாலம். அதன்மேல் வரிசையாகப் பதினான்கு ஆண்கள். எல்லோர் கையிலும் சுத்தியல்.

"அட... அத்தனை பேரும் என் கட்சி!"

"என்ன கட்சி?"

கைக்குட்டை பிடித்திருந்த இடதுகையை உயர்த்திக் காட்டினாள். "நான் இடதுகைக்காரி. சின்ன வயசுல இந்தக் கையில எழுதி எத்தனை அடி வாங்கியிருக்கேன் தெரியுமா? இங்கே பாருங்க... பதினாலு பேர்ல ஒருத்தர்கூட சோத்துக்கை கிடையாது!"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள்.

"ஆனா... சட்டைப் பை ஏன் வலது பக்கம் இருக்கு?"

மூன்று மாதமாக அவன் மட்டுமே சுமந்துகொண்டிருந்த ரகசியம். முன்பின் தெரியாத ஒருத்தி, மூன்றே நிமிடத்தில்...

"அந்தக் காலத்துல அப்படித்தான் தைப்பாங்க" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள். நம்பாத கண்கள். அழகான கண்கள்தான்... ஆனால் அந்தக் கண்களின் முன் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

நல்லவேளை, பஸ் வந்தது.

ஆனால் அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள். அவன் இறங்கிய இடத்திலேயே இறங்கினாள்.

"என் பின்னாடியே வரீங்களா?" என்றான் எரிச்சலோடு.

"நல்லா இருக்கே! ஆறு வருஷமா நான் போற வழி இது. பெட்டிக்காரரே, நீங்கதான் புதுசு."

பள்ளிக்கூட வாசலில் அவனுடைய அப்பா நின்றிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. பரீட்சைக்கு வந்த மாணவன் போல இருந்தார். அவளைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"வாங்க டீச்சர்! டேய், நம்ம பெட்டியைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுக்கலாமான்னு பார்க்க வர தேர்வுக் குழு முன்னாடி, இன்னிக்கு அதை வெச்சுப் பாடம் நடத்தப் போறவங்க இவங்கதான்டா."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பதினோரு மணிக்குப் பாடம். அப்பா மேலே வகுப்பறையைப் பார்க்கப் போனதும், ஆசிரியர் அறை வாசலில் அவளை நிறுத்தினான்.

"டீச்சர்... ஒரு உதவி. அந்த ஏழாம் அட்டையை மட்டும் எடுக்காதீங்க."

"ஏன்? அந்தக் காலத்துல அப்படித்தானே தைச்சாங்க?"

அவன் தலை குனிந்தது.

"பொய்" என்றாள் மெதுவாக. "இல்லையா?"

சொல்லிவிட்டான். அப்பாவின் அச்சகத்தில் படத்தையும் எழுத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுவது அவன் வேலை. அந்தப் படத்தில் பதினான்கு பேரும் அட்டைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்க்கும் முகம், படிப்பவர் கண்ணையும் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது பக்கம் கட்டுகிறவர்களின் பாலபாடம். அதனால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டான். ஒரு சொடுக்கு. யாருக்குத் தெரியப் போகிறது?

"நாலாயிரம் பெட்டி அச்சாகி முடிஞ்சப்புறம்தான் அந்தப் பை என் கண்ணுல பட்டுது."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"எப்படிங்க சொல்றது? பதினோரு வருஷமா வீடு வீடாப் போய் இந்தப் படம், கடிதமெல்லாம் சேர்த்தார். அந்தப் பாலம் படத்தை ஒருத்தர் வீட்டுச் சுவத்துல இருந்து இறக்கிக் குடுத்தார். 'பத்திரமா, தப்பில்லாம வரும்'னு அப்பா வாக்குக் குடுத்து வாங்கிட்டு வந்தார். இன்னிக்குக் குழு வேணாம்னு சொல்லிட்டா அத்தனை பெட்டியும் கிடங்குல மக்கிப் போகும். பில் புத்தகம் அடிக்கத் திரும்பிப் போயிடுவோம். அதைக்கூடத் தாங்கிப்பார்... தப்புன்னு ஒருத்தர் சொன்னா தாங்க மாட்டார்."

அவள் தாழ்வாரத்துப் பக்கம் திரும்பினாள். வெளியே மழை வலுத்தது.

"அட்டையைத் தேர்ந்தெடுக்கறது குழுத் தலைவி. என் கையில இல்லை. நானா இதைச் சொல்ல மாட்டேன்... ஆனா பிள்ளைங்க கேட்டா மறைக்கவும் மாட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"டீச்சர், ப்ளீஸ்..."

"எதைச் சொல்லாமல் விடுகிறார்னு அட்டைக்கு அட்டை அச்சடிச்சிருக்கீங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க?"

போய்விட்டாள். கோபப்பட வேண்டும் என்று நினைத்தான். முடியவில்லை.

கடைசி பெஞ்சில் தேர்வுக் குழு ஐந்து பேர், முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி. சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம். சுவரோரம் அப்பாவும் அவனும்.

தலைவி பெட்டிக்குள் கையை விட்டார். விரல்கள் மூன்றைத் தொட்டன... பன்னிரண்டைத் தொட்டன... அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"ஏழு" என்றார்.

நான்கு நான்கு பேராகப் பிரிந்த பிள்ளைகள், கூட்டத்துக்கு ஒன்றாகக் கொடுத்த ஏழாம் அட்டைப் பிரதியில் முகத்தைப் புதைத்தார்கள்.

"டீச்சர், இவருக்குக் காலில செருப்பே இல்லை."

"எல்லாரும் விறைப்பா நிக்கிறாங்க. மேஸ்திரி திட்டியிருப்பார்."

"படம் எடுக்கிறவர் வந்ததுனாலதான் சுத்தியலையே தூக்கியிருக்காங்க!"

வகுப்பு கலகலத்தது. அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. மகனின் காதில், "பாருடா... எப்படிக் கேக்குதுங்க பாரு!" என்றார். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் பத்து நிமிடம். கடந்துவிட்டால் போதும்...

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இவங்க எல்லாரும் உங்களை மாதிரி இடதுகையா?"

ஒரே சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நீ என்ன நினைக்கிறே?"

"பதினாலு பேருமா இருப்பாங்க? எங்க கிளாஸ்ல நாப்பது பேருக்கு ரெண்டு பேர்தான். அப்புறம்... பையும் தப்பான பக்கம் இருக்கு."

சொல்லிக்கொண்டே ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். பின்னல் சரிசெய்யும் சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள். அட்டையை அதற்கு நேராகப் பிடித்தாள்.

கண்ணாடிக்குள், பதினான்கு பேரும் சுத்தியலை வலதுகைக்கு மாற்றிக்கொண்டார்கள். பைகள் இடது நெஞ்சுக்கு வந்து சேர்ந்தன.

"டீச்சர்..." சிறுமியின் குரல் தாழ்ந்தது. "படம் பொய் சொல்லுது."

பக்கத்துப் பிள்ளைகள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது சொல்லிக்குடுத்த கேள்வி!"

அப்பா எழுந்துவிட்டார். "பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு இது எப்படித் தோணும்? காலையில என் பையன் வந்த பஸ்லதான் இவங்களும் வந்தாங்க. அங்கேயே பெட்டியைப் பார்த்திருப்பாங்க! பதினோரு வருஷம்... என் படத்துல தப்பு வராது!"

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், பாடத்துக்கு முன்னாடி இந்த அட்டையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன், மேடம்."

"தப்பு இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பிள்ளைங்ககிட்ட சொல்லிக்குடுத்தீங்களா?"

"இல்லை."

தலைவி குறிப்பேட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். குழுவின் முன்னால் ஒத்திகை பார்த்துப் பாடம் நடத்திய டீச்சர் என்று ஒரு வரி விழுந்தால் போதும். அவளை எந்தப் பள்ளியிலும் நிமிர்ந்து நிற்க விடமாட்டார்கள்.

அவள் அவனைப் பார்ப்பாள் என்று நினைத்தான். ஒரு பார்வை... 'சொல்லுங்களேன்' என்று. பார்க்கவில்லை. ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சாக்பீஸ் பிடித்த இடதுகையை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு நேராக நின்றாள்.

பார்த்திருந்தால் அவன் தலை குனிந்து தப்பித்திருப்பான். பார்க்காததுதான் அவனை எழுப்பி நிறுத்தியது.

"மேடம்... படத்தைத் திருப்பிப் போட்டது நான்."

அப்பாவின் தலை மெல்லத் திரும்பியது.

"அழகுக்காகப் போட்டேன். அச்சாகி மூணு மாசமாத் தெரிஞ்சும் மறைச்சேன். காலையில டீச்சர் கண்டுபிடிச்சப்ப பொய் சொன்னேன். அப்புறம் மறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். 'நானா சொல்ல மாட்டேன், பிள்ளைங்க கேட்டா மறைக்க மாட்டேன்'னாங்க. சொன்னபடி நின்னாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்லை." அப்பா பக்கம் திரும்பினான். "அப்பா, உங்க படத்துல தப்பே இல்லை. பதினோரு வருஷத்துல நீங்க பண்ணின ஒரே தப்பு, பக்கம் கட்ட என்னை நம்பினதுதான்."

அப்பா வெளியே நடந்தார். செருப்புச் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டுத் தேய்ந்தது.

தலைவி இரட்டைப் பின்னலைப் பார்த்தார். "இதுவரைக்கும் உன் பாடப்புத்தகத்துல தப்புக் கண்டுபிடிச்சிருக்கியா?"

"அதுல தேடச் சொல்ல மாட்டாங்களே, மேடம்."

தலைவி குறிப்பேட்டை மூடினார். எழுதிய தாளைக் கிழித்து மடித்தார். "முடிவைக் கடிதத்துல சொல்றோம்" என்றார்.

ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலை. மறுபடியும் மழை. அவள் நிழற்குடைக்கு வெளியிலேயே நின்று, குடையை மிகவும் கவனமாக மடக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

அவன் நின்றிருந்தான். கையில் ஒரே ஓர் அட்டை.

"நேத்துக் கடிதம் வந்துச்சு" என்றான் அவசரமாக. "எடுத்துக்கிட்டாங்க. ஏழாம் அட்டையை மட்டும் மாத்தித் தரணும்."

அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒரே படம், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு தடவை. ஒன்று நேர். ஒன்று திருப்பியது. கீழே, 'எது உண்மை? எப்படிக் கண்டுபிடித்தாய்?'

"உங்க யோசனையா?"

"அப்பா. எட்டு நாள் பேசலை. நேத்து வந்து, 'தப்பையும் பக்கத்துலயே போடுடா. பெட்டிக்கு ஒரு சின்னக் கண்ணாடியும் வை'ன்னார். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க அவரே வரார். அடுத்த பஸ்ல."

"ஏன், சேர்ந்து வரலையா?"

அவன் காது மடல் சிவந்தது. "எனக்கு ஒரு பஸ் இடைவெளி குடுத்திருக்கார்."

அவளுக்கு ஏதோ புரிந்தது. புரியாதது போல மழையைப் பார்த்தாள். "ஒன்பது நாளா ஆளையே காணோமே?"

"தினமும் இங்கேதான் நின்னேன். சும்மா... மழைக்கு ஒதுங்கி."

"ஏழு நாள் வெயில் கொளுத்துச்சு, பெட்டிக்காரரே."

மாட்டிக்கொண்டான். அவள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினாள். உதட்டோரம் சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் வகுப்பறைக் குரல்.

"சரி. இதைச் சொல்வது யார்?"

"பக்கம் கட்டறவன். பொய் சொல்லி மாட்டிக்கிறதே பொழைப்பாப் போச்சு..."

"எதற்காகச் சொல்கிறார்?"

"அடுத்த பஸ் வரதுக்குள்ள சொல்லியாகணும்."

"எதைச்..." அவள் குரல் லேசாகத் தடுமாறியது. "எதைச் சொல்லாமல் விடுகிறார்?"

தூரத்தில், மழைத் திரைக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பஸ்.

"அன்னிக்கு நீங்க என்னைப் பார்க்கவே இல்லை, டீச்சர். ஒரு தடவை பார்த்திருந்தா நான் தலை குனிஞ்சு தப்பிச்சிருப்பேன். நீங்க பார்க்கலை. அதுக்கப்புறம்... உங்க கண்ணு என்னைப் பார்க்கணும்னுதான் தினமும் இங்கே வந்து நின்னேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. இதுல திருப்பிப் போட்டது எதுவும் இல்லை."

பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைப் பெரியவர் இறங்கினார். இருவரையும் ஒருமுறை பார்த்தார். உடனே முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டவணையை மிகத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் அட்டையை நனையாமல் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஒன்பது நாளும் நான் முந்தின ஸ்டாப்புக்கு நடந்து போய்தான் பஸ் ஏறினேன்" என்றாள் கடைசியில்.

"ஏன்? என் முகத்துல முழிக்கக் கூடாதுன்னா?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் இப்போது நேராக, முழுசாக, அவனைப் பார்த்தன.

"அங்கே ஏறினாத்தான் ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாத்தான்... இந்த நிழற்குடை நல்லாத் தெரியும்."