கோதண்டத்தின் நானூற்றுப் பன்னிரண்டு மீன்கள்

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஓர் ஐஸ் கிடங்கின் மாடியில் செங்கொடியின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், தரைவழியே ஏறிவரும் ஜில்லிப்பு. பன்னிரண்டு வருஷம் படகு இன்சூரன்ஸ் விபத்துகளை விசாரித்துவிட்டு வெளியே வந்தவள் அவள். எரிந்த படகு தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று துறைமுகத்தில் பேச்சு. அந்தப் பேச்சில் பாதியைப் பரப்பியது அவளுடைய கூட்டாளி லியாகத் அலி. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஊர்வாயை மூட வேண்டிய அவசியமில்லை, திறந்துவிட்டால் போதும்.

மார்கழி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, கன்னியம்மா படியேறி வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க வூட்டுக்காரு பொய் சொல்லிட்டாருன்னு எழுதப் போறாங்கக்கா. வெள்ளிக்கிழம ரிப்போட்டு போவுதாம். செத்தவரு வந்து இல்லன்னு சொல்லுவாரா?"

அவள் கணவன் கோதண்டம், எர்ணாவூர்ப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த மீனவன். சடையங்குப்பத்தைத் தாண்டி உள்ள கோரைமேட்டு ஏரியில் மூன்று வாரத்துக்கு முன் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனான். காலில் யாரோ விட்டுப்போன பழைய வலை சுற்றியிருந்தது.

"மீன்துறை ஆபீசுக்காரங்க ஏரியில கொடுவா குஞ்சு வுடப் போறாங்களாம்," என்றாள் கன்னியம்மா. "தூண்டில் போடறவங்க எங்கேருந்தோ வருவாங்க, நம்ப ஆளுங்க அவங்களுக்குப் படகு ஓட்டலாம்னாங்க. கொடுவா சின்ன மீனத் துன்னுதான் வளரும். அதுக்கு ஏரியில மீன் எவ்ளோ கீதுன்னு எண்ணணும். அந்த வேலைக்குத்தான் அவரு போனாரு."

"ஏரி மீன எப்டிம்மா எண்றது? ரேஷன் கடையாண்ட மாரி வரிசையில நிக்குமா இன்னா?" என்றார் லியாகத் அலி.

"கொஞ்சம் மீனப் புடிச்சி, எடது பக்கத்து வயித்து ரெக்கையக் கத்திரிச்சி திரும்பத் தண்ணியில வுட்ருவாங்க பாய். பொறவு மறுபடி வல போடுவாங்க. அதுல கத்திரிச்ச மீன் நெறைய வந்தா ஏரியில மீன் கம்மி. கொறைச்சலா வந்தா மீன் ஜாஸ்தி. அவரு நானூத்திப் பன்னண்டு மீன் கத்திரிச்சதா எழுதி வெச்சிட்டுப் போனாரு."

"இப்ப மறுபடி வலை போட்டதுல எத்தனை வந்துது?" என்று செங்கொடி கேட்டாள்.

"ஒண்ணுகூட வரல."

கீழே கிடங்கில் ஐஸ் பாளத்தை உடைக்கும் சத்தம் கேட்டது. கன்னியம்மா தொடர்ந்தாள். "அவரு கத்திரிக்கவே இல்லியாம், சொம்மா குந்திக்கினு எழுதிட்டாராம். இது ஆபீசு பேச்சு. ஊருல வேற பேச்சு. அவரு ஏரிக்குள்ளயே கீறாராம், தன் மீன ஒண்ணொண்ணா திரும்ப வாங்கிக்கிறாராம். போட்டுக்குப் பின்னால சத்தம் கேக்குதாம். பேயின்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன்க்கா. பொய்யன்னு சொல்றதத்தான் தாங்க முடியல."

செங்கொடி மறுநாள் விடியற்காலைக்கு ஆட்டோவைச் சொன்னாள்.

கோரைமேட்டு ஏரியில் புதன்கிழமை பனி கரைவரை இறங்கியிருந்தது. மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகளில் ஒன்றின் நெருப்பு மட்டும் வானத்தில் ஆரஞ்சாகத் தெரிந்தது. அது எரியும்போது பனியும் சிவந்தது. சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. தண்ணீர்ப் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. அந்த அமைதி லியாகத் அலிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கணக்கெடுப்பின் பொறுப்பாளர் வினிதா, கரையில் தராசும் ஐஸ் பெட்டியுமாக நின்றாள். முப்பது வயது இருக்கும். தூங்கி நாளானது முகத்தில் தெரிந்தது.

"தப்பு என்னோடதுதான் மேடம்," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "பத்து மீனுக்கு நான் கூட இருந்து சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கே எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. மீதி நானூத்தி ரெண்டும் அவர் தனியா செஞ்சது. சாட்சி இல்ல."

"மீன் செத்திருக்குமா?"

"செத்தா மிதக்கும். தினமும் கரையைச் சுத்திப் பாக்கறோம், மிதக்கல. மதகு பூட்டியிருக்கு, வெளிய போக வழியில்ல. வெட்டின துடுப்பு மூணு வாரத்துல முளைக்கவும் முளைக்காது."

"ரெண்டாவது தடவை பிடிக்கிற மீனை என்ன பண்றீங்க?"

"திரும்ப விடறதில்ல. ஐஸ்ல போட்டு எடுத்துட்டுப் போய் அறுப்போம். தலைக்குள்ள ஒரு சின்னக் கல் இருக்கும், அதுல வயசு தெரியும். நாலு நாள்ல ஐந்நூத்தி முப்பது மீன் வந்துருக்கு. எல்லாத்துக்கும் ரெண்டு துடுப்பும் முழுசா இருக்கு."

நான்கு சிறு படகுகள் ஏரிக்குள் இருந்தன. படகுக்கு ஒரே ஆள். பனியில் ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. செங்கொடி கரையோரம் நின்று காதைக் கொடுத்தாள். வலை இழுக்கும் சலசலப்பு கேட்டது. பிறகு அந்தச் சலசலப்புக்கு நடுவே எங்கோ ஒரு 'களுக்'. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியதுபோல. சற்று நேரம் கழித்து வேறு திசையில் இன்னொன்று.

"மேடம், நான் ஆட்டோவாண்ட நிக்கறேன். டயர்ல காத்து கம்மியா கீது," என்றார் லியாகத் அலி.

"மூணு டயர்லயும் காத்து இருக்கு பாய். இங்கயே நில்லுங்க."

வெளிச்சம் வந்ததும் படகுகள் கரையேறின. மூத்தவர் ஜெயவேல். கோதண்டத்தின் உடலை ஏரியிலிருந்து எடுத்தவர் அவர்தான். அடுத்தவர் அம்புரோஸ், கழுத்தில் சிலுவை. மற்ற இருவர் கிருஷ்ணப்பனும் வெற்றியும். நால்வரும் கோதண்டத்தோடு கடலுக்குப் போனவர்கள். செங்கொடி தானே டீ வாங்கிவந்து ஒவ்வொருவர் கையிலும் கண்ணாடித் தம்ளரைக் கொடுத்தாள். கொடுக்கும்போது அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"கட்டைவிரல் என்ன இப்படிக் குத்து வாங்கியிருக்கு?"

"ஜிலேபி மீன் முள்ளும்மா," என்றார் ஜெயவேல், விரலை மடக்கிக்கொண்டு.

"முப்பது வருஷமா மீன் பிடிக்கறீங்க. இன்னுமா மீன் பிடிக்கத் தெரியல?"

ஜெயவேல் டீயைக் குடித்தார். மற்ற மூவரின் கட்டைவிரலிலும் அதே சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

செங்கொடி ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள். "அம்புரோஸ் போட்டாண்ட" என்றார் ஜெயவேல். "ஜெயவேல் அண்ணன் பின்னாலேருந்து" என்றார் அம்புரோஸ். "வெற்றி போட்டுப் பக்கம்" என்றார் கிருஷ்ணப்பன். வெற்றி எல்லாப் பக்கமும் கையைக் காட்டினான், தன் படகைத் தவிர.

அம்புரோஸ் போகும்போது திரும்பி வந்து, கேட்காமலே ஒன்று சொன்னார். "ஒவ்வொரு மீனையும் வுடும்போது 'போயிட்டு வா'ன்னு சொல்லுவாம்மா அவன். மீன்கிட்டப் போயி சொல்றியேடா, உனுக்கு லூசான்னு நாங்க சிரிப்போம். 'போ'ன்னு சொன்னா திரும்ப வராதாம். அன்னிக்குக் கெளம்பும்போது அவனுக்கு யாரும் சொல்லல போலக்கீது." அவர் கண் கலங்கிவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லியாகத் அலிக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு. ஆட்டோ சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு தூண்டில் இருக்கும். வெயில் ஏறியதும் பயம் போய்விட்டது. வினிதாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பிசைந்த மைதாவை முள்ளில் உருட்டி மதகோரம் உட்கார்ந்தார். பத்து மணிக்குள் பத்து ஜிலேபி விழுந்தன. வீட்டில் மசாலா அரைக்கச் சொல்லிப் போனே போட்டுவிட்டார். பதினோராவது மீனைத் தூக்கி அவர் பெருமையாகக் காட்டியபோது, செங்கொடி பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"பாய், அதைத் திருப்புங்க. வயித்துப் பக்கம்."

வலது துடுப்பு இருந்தது. இடது துடுப்பு இருந்த இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய சுத்தமான கோடு.

"அது கோதண்டத்தோட மீன்," என்றாள் செங்கொடி.

களுக்.

லியாகத் அலி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீன் போய்விட்டது. "சத்தியமா நான் வுடல மேடம்! கையே வுட்டுச்சு! செத்தவரு தொட்டு வுட்டத நான் எப்டி எடுத்துகினு போயி வறுக்கறது?" பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, சாட்சி போச்சே!"

"போகல பாய்," என்றாள் செங்கொடி. அவள் தண்ணீரில் விரிந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்கு எல்லாரையும் இங்க வரச்சொல்லுங்க. கன்னியம்மாவையும்."

நாலு மணிக்கு மதகுக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். நான்கு மீனவர்களும் ஒருபுறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். கன்னியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செங்கொடி குரலை உயர்த்தவில்லை.

"கோதண்டம் மீனைக் கத்தரிச்சது நிஜம். இன்னிக்குக் காலையில பாய் தூண்டில்ல ஒண்ணு வந்துது. பதினோரு மீன்ல ஒண்ணு தூண்டிலுக்கு வருது. ஐந்நூத்தி முப்பது மீன்ல ஒண்ணுகூட வலைக்கு வரலை. அப்ப ஏரியில குறை இல்ல. வலைக்கும் கரைக்கும் நடுவுலதான் குறை."

கிருஷ்ணப்பன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். வலை இழுக்கும்போது மட்டும்தான் வருது. எங்கேருந்துன்னு நாலு பேரையும் கேட்டேன். நாலு பேரும் அடுத்தவங்க போட்டைக் காட்டினீங்க. ஏரி பூராவும் சுத்தற பேய் உங்க பின்னால மட்டும் வரலியா? ஒருத்தர் பின்னால வரலைன்னா அதிர்ஷ்டம்னு சொல்லலாம். நாலு பேர் பின்னாலயும் வரலையே."

"அப்ப பேய் யாரு மேடம்?" என்று லியாகத் அலி பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"இதோ உக்காந்திருக்காங்க. வலையில மீனைப் பாத்துப் பிடிச்சா முள்ளு குத்தாது. இருட்டுல, வயித்துக்கு அடியில கட்டைவிரலை விட்டு ரெக்கை இருக்கா இல்லையான்னு தடவினா குத்தும். இல்லாத மீனா இருந்தா ஓசைப்படாம பின்னால விட்டுடுவீங்க. நீங்க விட்ட சத்தம் அடுத்தவருக்குப் பேய். அவர் விட்ட சத்தம் உங்களுக்குப் பேய். பயந்துபோய் இன்னும் ஒண்ணு விடுவீங்க. காலையில பாய் கை என்ன பண்ணுச்சோ, அதைத்தான் உங்க கையும் பண்ணிருக்கு."

ஜெயவேல் முதலில் உடைந்தார். "அறுப்பாங்களாமே. அவன் கையால தொட்டு அனுப்பினத, நான் எடுத்தாந்து அறுக்கறதுக்குக் குடுக்கறதா? அவன் ஒடம்பத் தூக்கின கைம்மா இது." பெரிய மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நான் ஒருத்தன் வுட்டா இன்னா, மத்தவங்க வலையில வரும்னு நெனச்சேன். ஒம்போது மீன் வுட்டேன்."

அம்புரோஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீயுமாண்ணே? நானு ஏழு."

"எட்டு," என்றார் கிருஷ்ணப்பன்.

"ஆறு," என்றான் வெற்றி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"முப்பது!" என்றாள் வினிதா. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "முப்பது வந்திருந்தா கணக்கு அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அவனப் பொய்யன்னு ஆபீசுல பேசனப்பவே சொல்லிருக்கணும்," என்றார் ஜெயவேல். "நான் மட்டுந்தான் பண்ணேன்னு நெனச்சிகினு இருந்தேன். ஊர் மூஞ்சியில எப்டி முழிக்கறதுன்னு வாய மூடிகினேன்."

கன்னியம்மா தூணை விட்டு நகர்ந்து அவர்கள் முன்னால் வந்தாள். நான்கு பேரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"அவரு மேல உங்களுக்கு உசுருன்னு எனக்குத் தெரியும்ணே. மீனக் காப்பாத்தினீங்க, சரி. அவரு பேரு முழுகிப் போவுதே, அதத் தூக்க ஒரு கை நீளலியே! ராத்திரியெல்லாம் முழிச்சிகினு கெடந்தேன். ஒரு வேள அவரு மெய்யாவே சொம்மா குந்திக்கினு எழுதிட்டாரோன்னு நானே நெனச்சிட்டேன்ணே. கட்டினவ நானே."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வல போடுங்க. நானும் வரேன்."

வியாழக்கிழமையும் பனிதான். ஜெயவேலின் படகில் கன்னியம்மா ஏறி உட்கார்ந்தாள். செங்கொடியும் லியாகத் அலியும் வினிதாவும் கரையில் நின்றார்கள். ஒன்றும் தெரியவில்லை. வலை இழுக்கும் சலசலப்பு மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. லியாகத் அலி செங்கொடியின் முகத்தைப் பார்த்தார்.

பனிக்குள்ளிருந்து கன்னியம்மாவின் குரல் கேட்டது. அழுத குரல்தான், ஆனால் உரக்க வந்தது.

"ஒண்ணு!"

சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பிறகு தூரத்தில் அம்புரோஸ் கத்தினார். "ரெண்டு!"

"மூணு!" என்றது வேறொரு பக்கம். வினிதா நோட்டைத் திறந்தாள். பேனா மூடியை லியாகத் அலி கழற்றிக் கொடுத்தார். ஏரியின் நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து, எண்ணிக்கை எட்டில் நின்றது.

அன்று வந்தது மொத்தம் நூற்று முப்பத்தாறு மீன், அதில் எட்டுக்கு இடது துடுப்பு இல்லை. வினிதா கரையிலேயே உட்கார்ந்து பெருக்கி வகுத்தாள். ஏரியில் ஏழாயிரம் மீன் இருக்கிறது, கொடுவாக் குஞ்சு விடலாம் என்றாள். படிவத்தில் கோதண்டத்தின் பெயருக்கு எதிரே 'சரிபார்க்கப்படவில்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கன்னியம்மாவுக்கு அதைப் படித்தும் காட்டினாள்.

எட்டு மீன்களும் தனியாக ஒரு கூடையில் கிடந்தன. மீனவர்கள் நால்வரும் அந்தப் பக்கம் பார்க்காமல் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா கூடையருகே உட்கார்ந்தாள். ஒவ்வொரு மீனையும் எடுத்துத் திருப்பி, வெட்டு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தானே ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். எட்டும் முடிந்ததும் பெட்டியை வினிதாவின் பக்கம் நகர்த்தினாள்.

"அறுத்துக்கோம்மா," என்றாள். "அவரு வேலைய அவரு சரியாத்தான் செஞ்சிருக்காரு."